மீட்டர் யார் பெயரில், செலவு யார் தலையில்?

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு ஆகிய ஊர்களிலிருந்து இந்தப் பகுதிக்கு வந்துள்ள கடிதங்களுள் ஐந்து, வெவ்வேறு வீடுகளைப் பற்றியவை என்றாலும், ஒரே சிக்கலைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. வாடகை எவ்வளவு என்பதைப் பேசி முடித்துவிட்டு, மின்சாரம், தண்ணீர், எரிவாயு ஆகியவை வீட்டுக்குள் வந்து சேர்வதற்கான செலவை யார் ஏற்பது என்பதைப் பேசாமலே சாவியை வாங்கிக்கொள்ளும் பழக்கம் நம் ஊர்களில் வேரூன்றிவிட்டது. அந்தக் கடிதங்களுக்கு இந்த இதழில் விடை தருகிறேன்.

கேள்வி: சத்துவாச்சாரியில் ஒரு வீட்டின் முதல் மாடியில் தை மாதம் குடிவந்தோம். கீழே வீட்டுக்காரர் குடும்பம் இருக்கிறது. மாடிக்கென்று தனி மின் இணைப்பு கிடையாது. கீழ் வீட்டு மீட்டரிலிருந்தே கம்பி இழுத்திருக்கிறார்கள். எங்கள் ஒப்பந்தத்தில் ‘மின் கட்டணம் வாடகைதாரர் பொறுப்பு’ என்று ஒரே வரிதான் இருக்கிறது. இப்போது தனி இணைப்பு வாங்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். ஆனால் மின்வாரியத்தில் கட்ட வேண்டிய தொகை, மீட்டர் பெட்டி, வயரிங் ஆள் கூலி எல்லாவற்றையும் நாங்களே தர வேண்டுமாம். ‘அனுபவிக்கப் போவது நீங்கள்தானே’ என்கிறார். இது முறையா?

பதில்: முறையன்று என்பதே என் கருத்து. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் வாதம் கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கிறது.

இரண்டு வகைச் செலவுகள் இங்கே ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் காட்டும் அளவுக்கு ஏற்பக் கட்டும் கட்டணம். அந்த மின்சாரத்தை எரித்துத் தீர்த்தது நீங்கள். அதைக் கட்டுவது உங்கள் கடமை. மற்றொன்று, அந்த மின்சாரம் மாடிக்கு வந்து சேர்வதற்கான ஏற்பாட்டின் செலவு. நீங்கள் நாளை வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் மீட்டரும் கம்பியும் அந்தச் சுவரிலேயே இருக்கும். அடுத்து வருபவரிடம் ‘தனி மீட்டர் உண்டு’ என்று சொல்லி உங்கள் வீட்டுக்காரர் கூடுதல் வாடகை கேட்கவும் முடியும். வீட்டோடு தங்கிவிடும் பொருளுக்கு வீட்டின் உரிமையாளரே செலவிட வேண்டும். ‘மின் கட்டணம்’ என்ற உங்கள் ஒப்பந்த வரிக்கு, மாதந்தோறும் எரிந்து கழியும் மின்சாரத்தின் விலை என்பதே இயல்பான பொருள். புதிய இணைப்பின் செலவு அதற்குள் அடங்காது.

சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2017ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாடு சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நம் மாநிலத்தின் நகர்ப்புறங்களில் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை, வேறுவிதமாக உடன்பாடு இல்லாத இடத்தில் யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பிரித்துச் சொல்கிறது. கட்டுமானப் பழுது, சுண்ணாம்பு அடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தண்ணீர்க் குழாய்களை மாற்றுதல், வீட்டின் உள்ளும் புறமும் உள்ள மின் வயரிங்கைச் சீர்செய்தல் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாயின் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், சர்க்யூட் பிரேக்கர், கழுவு தொட்டி, தாழ்ப்பாள், பூட்டு, கண்ணாடி போன்றவற்றின் சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு. புதிய மின் இணைப்பு என்று தனியாக ஒரு வரி அதில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் இருக்கும் வயரிங்கை மாற்றுவதே உரிமையாளரின் வேலை என்று சொல்லும் அட்டவணையைப் படித்த ஒருவர், இல்லாத வயரிங்கைப் புதிதாகப் போடுவது குடியிருப்பவரின் வேலை என்று முடிவு கட்ட மாட்டார்.

பணம் கட்டச் சம்மதிப்பதற்கு முன்னால், மின்வாரியம் கேட்கும் தொகை எந்தெந்தத் தலைப்புகளில் வருகிறது என்று பாருங்கள். பதிவுக் கட்டணம், இணைப்புக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் ஆகியவை கட்டினால் கட்டியதுதான், திரும்பி வாரா. மீட்டருக்கான வைப்புத்தொகையும், மின்நுகர்வுக்கான காப்புத்தொகையும் அப்படியல்ல. அவை வைப்பாக இருக்கும் பணம். மின்நுகர்வுக் காப்புத்தொகைக்கு வட்டி தர வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமே சொல்கிறது. அந்த வட்டியும், இணைப்பை ஒப்படைக்கும் நாளில் அசலும், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்குக்கே போய்ச் சேரும். ஆக, உங்கள் பணத்தைக் கட்டி, இணைப்பை அவர் பெயரில் வாங்கினால், அவருக்கு ஒரு வைப்பைத் திறந்து கொடுத்தவர் ஆகிறீர்கள். இதை அவரிடம் அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். பலருக்கு இது தெரியாது என்பதை நான் கண்டிருக்கிறேன்.

கையில் பணம் இல்லை என்பதற்காகவே அவர் தயங்கினால், வேறொரு வழி இருக்கிறது. நீங்கள் முன்கூட்டிக் கட்டி, மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே உள்ள ஒப்பந்தத்தோடு ஒரு துணை ஒப்பந்தமாக, ஏறக்குறைய இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: ‘முதல் மாடிக்கான புதிய மின் இணைப்புக்காகவும் வயரிங்குக்காகவும் வாடகைதாரர் ரசீதுகளின்படி செலவிட்ட மொத்தத் தொகையை, வரும் மாதம் முதல் மாத வாடகையில் இவ்வளவு ரூபாய் வீதம் கழித்துக்கொள்ள உரிமையாளர் சம்மதிக்கிறார். முழுத்தொகையும் கழிவதற்கு முன் வீடு காலிசெய்யப்பட்டால், மீதியை முன்பணத்தோடு சேர்த்துத் திருப்பித் தருவார்.’ இருவரும் கையெழுத்திட்டு, மின்வாரிய ரசீதின் நகலையும் எலக்ட்ரீஷியனின் பில்லையும் அதோடு சேர்த்து வையுங்கள்.

அவர் எதற்கும் இசையவில்லை என்றாலும் நீங்கள் வழியற்றவர் அல்லர். மின்சாரச் சட்டத்தின் 43ஆவது பிரிவு, உரிமையாளர் மட்டுமன்றி அந்த இடத்தில் குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் இணைப்புத் தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டு மின் பகிர்மான விதித்தொகுப்பின்படி, வாடகைதாரர் விண்ணப்பிக்கும்போது உரிமையாளரின் சம்மதக் கடிதத்தை இணைக்க வேண்டும். அவர் கடிதம் தர மறுத்தால், சட்டப்படி அங்கே குடியிருப்பதற்கான சான்றைக் காட்டி, பொறுப்புறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, காப்புத்தொகையை வழக்கமான அளவைப் போல் இரண்டு மடங்காகக் கட்டி, இணைப்புப் பெறலாம். 2022ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும், உரிமையாளர் ஆட்சேபமின்மைக் கடிதம் தரவில்லை என்ற காரணத்துக்காக வாடகைதாரருக்கு மின் இணைப்பை மறுக்கக்கூடாது, விண்ணப்பித்தவர் அங்கே குடியிருக்கிறாரா என்பதை மட்டுமே வாரியம் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. இப்படி உங்கள் பெயரிலேயே இணைப்பு வாங்கினால், காப்புத்தொகையும் உங்களுடையதாகவே இருக்கும். ஆயினும், ஒரே மாடிப்படியை நாள்தோறும் பகிர்ந்துகொள்ளும் இரு குடும்பங்களுக்கு இடையில் இதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் சொந்தச் செலவில் மாட்டும் மின்விசிறி, இன்வெர்ட்டர், ஏசி போன்றவற்றைக் காலிசெய்யும்போது கழற்றிக்கொள்ளலாம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் வீடு உங்கள் கைவசம் இருக்கும்போதே கழற்றிவிட வேண்டும்; சாவியைக் கொடுத்த பிறகு கேட்டால் அந்த உரிமை இல்லை. சுவரில் துளையிட்ட இடங்களைப் பூசிக் கொடுப்பதும் உங்கள் பொறுப்பு.

கேள்வி: காட்பாடி காந்தி நகரை அடுத்த ஒரு வீட்டில் மூன்று போர்ஷன்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே மின் இணைப்பு. ஒவ்வொரு போர்ஷனுக்கும் வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார். முதல் 100 யூனிட் இலவசம் என்கிறார்களே, அது எங்களுக்குக் கிடையாதா?

பதில்: உங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த படத்தைப் பார்த்தேன். மாடிப்படியின் கீழே ஒரு பலகையில் மூன்று சிறிய மீட்டர்கள். பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதிய எண்கள், சில அழிந்தும் சில அடித்துத் திருத்தியும் இருக்கின்றன. மூன்று குடும்பங்களின் கணக்கு அந்தச் சுவரை நம்பியே இருக்கிறது.

2016 மே மாதம் வந்த 100 யூனிட் சலுகை வீட்டு மின் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் உரியது. ஓர் இணைப்பின் பின்னால் எத்தனை குடும்பம் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு போர்ஷனும் இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். தனித்தனி இணைப்பு இருந்தால், ஒவ்வொருவரும் 80 யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் கட்டுவார்கள். மூவருக்கும் சேர்த்து 240 யூனிட். ஒரே இணைப்பில் 540 யூனிட் ஓடும்போது, 100 கழித்து 440 யூனிட்டுக்குக் கட்ட வேண்டும். அதோடு முடியவில்லை. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே உயர்ந்த வரிசைக்கு மாறிவிடும். ஆகவே, உங்கள் வீட்டுக்காரர் ஒரு பைசாவும் லாபம் வைக்காவிட்டாலும், இந்த ஏற்பாட்டினால் நீங்கள் மூவரும் இழக்கிறீர்கள். முதல் யூனிட்டிலிருந்தே 10 ரூபாய் வாங்கினால், வீட்டுக்கு வரும் 100 யூனிட் சலுகையும் அவர் கையிலேயே நின்றுவிடுகிறது. அதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

உடனடியாக நீங்கள் கேட்கக்கூடியது, மின்வாரியம் அந்த இணைப்புக்கு அனுப்பிய கணக்கைக் காட்டச் சொல்வது. இணைப்பு எண் தெரிந்தால் வாரியத்தின் இணையதளத்திலேயே தொகையைப் பார்க்கலாம். அந்த மொத்தத்தை மூன்று சப் மீட்டர்களின் அளவுக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்வதே நேர்மையான முறை. பொதுக் கூடத்து விளக்கும் தண்ணீர் மோட்டாரும் எந்த மீட்டரில் ஓடுகின்றன என்பதையும் பாருங்கள். அவை ஒரு போர்ஷனின் மீட்டரில் இணைந்திருந்தால், மற்ற இருவரின் தண்ணீருக்கும் அந்தக் குடும்பமே கட்டிக்கொண்டிருக்கும். சுவர்க் குறிப்புக்குப் பதிலாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, மாதம் ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

நிலையான தீர்வு, தனி இணைப்புதான். ஒரே கதவு எண்ணில் ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புத் தர, போர்ஷன்கள் நிரந்தரத் தடுப்பால் பிரிந்திருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் வீட்டில் தனித்தனி வாசலும் சமையலறையும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வயரிங்கும் தனித்தனியாகப் பிரிந்திருந்தால் விண்ணப்பிப்பதில் தடையிராது. செலவு யாருடையது என்பதற்கு, சத்துவாச்சாரி வாசகருக்குச் சொன்னதே உங்களுக்கும் விடை.

கேள்வி: நான் கொசப்பேட்டையில் ஒரு சிறிய வீட்டுக்கு உரிமையாளர். கணவர் இல்லை, அந்த வாடகையை நம்பித்தான் இருக்கிறேன். முன்பு இருந்தவர் இரண்டு முறை கரண்ட் பில் கட்டாமல், சொல்லாமல் காலிசெய்துவிட்டார். நிலுவையையும் மறு இணைப்புக் கட்டணத்தையும் நான்தான் கட்டினேன். இப்போது இருப்பவரும் இந்த முறை இன்னும் கட்டவில்லை. மெயினை நிறுத்திவிடலாமா?

பதில்: அம்மா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது; ஆனால் மெயினில் கை வைக்க வேண்டாம். வாடகை பாக்கி இருந்தாலும், கட்டணம் கட்டாவிட்டாலும், தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, கழிவுநீர் வசதி போன்ற இன்றியமையாத சேவைகளை உரிமையாளர் தாமாகவோ ஆள் வைத்தோ நிறுத்தக்கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நீங்கள் நிறுத்தினால், அவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் விண்ணப்பித்து, உடனே திரும்பத் தரும்படி இடைக்கால உத்தரவு பெறலாம். பணம் வர வேண்டிய நீங்கள் அங்கே எதிர்த்தரப்பில் நிற்க வேண்டியிருக்கும். கட்டாத இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் மின்வாரியத்துக்கு உண்டு, உங்களுக்கு இல்லை.

உங்கள் கையில் இருப்பவை வேறு. முதலாவதாக, இணைப்போடு உங்கள் கைபேசி எண்ணைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கணக்கெடுத்தவுடன் எவ்வளவு, எந்த நாளுக்குள் என்று குறுஞ்செய்தி வரும். மகனோ மருமகளோ இருந்தால் அவர்களிடம் கொடுத்து, கெடு நாளுக்கு முன்பே கட்டப்பட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு முறை நிலுவை சேரும்வரை தெரியாமல் போனதுதான் சென்ற முறை உங்களுக்கு நேர்ந்த இழப்புக்குக் காரணம். இரண்டாவதாக, முன்பணம். சட்டம் வழக்கமாக மூன்று மாத வாடகை அளவுக்கு முன்பணத்தைக் குறிப்பிடுகிறது. வேறு உடன்பாட்டுக்கும் இடம் தருகிறது. வீடு காலியான ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்ப வேண்டும் என்றாலும், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டே திருப்பலாம். சாவி வாங்கும் நாளில் மீட்டர் எண்ணை இருவரும் பார்த்து எழுதிக் கையெழுத்திடுங்கள். வாரியத்தின் அடுத்த கணக்கு வரும்வரை, அந்தத் தொகைக்கு ஈடாகச் சிறிது நிறுத்தி வைப்பதில் தவறில்லை. மூன்றாவதாக, ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவு எண் பெறுங்கள். ஒப்பந்தத்தில் சொன்ன இதர கட்டணங்களும் வாடகையோடு சேர்ந்து இரண்டு மாதம் நிலுவையாகி, எழுத்தில் கேட்ட பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால், வீட்டைத் திரும்பப் பெற விண்ணப்பிக்க அது ஒரு காரணமாகும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வாரியம் அவ்வப்போது நுகர்வை மறு ஆய்வு செய்து, கூடுதல் காப்புத்தொகை என்று ஒரு தொகையை பில்லோடு சேர்த்துக் கேட்கும். பில் திடீரென்று ஏறியது கண்டு குடியிருப்பவர் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்தத் தொகை உங்கள் பெயரில் உள்ள கணக்கில் சேருவதால், நீங்கள் கட்டுவதே பொருத்தம்; அவர் கட்டியிருந்தால், காலிசெய்யும்போது அவருக்குத் திருப்பித் தர வேண்டும். இப்போது நிற்கும் தொகையில் அது கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவரிடம் பேசுங்கள்.

கேள்வி: குடியாத்தத்தில் வாடகைக்கு இருக்கிறோம். சமையல் எரிவாயு இணைப்புக்கான வைப்புத்தொகையையும், இணையதள இணைப்புக்கான செலவையும் வீட்டுக்காரரிடம் கேட்கலாமா?

பதில்: வேண்டாம். எரிவாயு இணைப்பு உங்கள் பெயரில் இருப்பது. சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் கட்டிய வைப்பு, ஒப்படைக்கும்போது உங்களுக்கே வரும். ஊர் மாறினால் இணைப்பையும் மாற்றிக்கொள்ளலாம். இணையமும் அப்படியே. சுவரில் துளையிடுவதற்கு மட்டும் அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆற்காட்டில் நான்கு குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு. சித்திரையில் போர் வற்றிவிட்டது. ஆழப்படுத்தும் செலவை நான்கு பங்காகப் பிரித்துத் தரச் சொல்கிறார் வீட்டுக்காரர். அதுவரை லாரித் தண்ணீர்ச் செலவையும் நாங்களே ஏற்கிறோம்.

பதில்: பாலாற்றுக் கரையில் இருந்துகொண்டே குடத்தோடு காத்திருக்கும் நிலை நம் பக்கத்து மக்களுக்குப் புதிதன்று, இந்தக் கடிதத்தை எழுதும் மனநிலையை நான் அறிவேன். போரை ஆழப்படுத்துவதால் கூடும் மதிப்பு வீட்டுக்கும் மனைக்கும் உரியது. நீங்கள் போன பிறகும் அந்தத் தண்ணீர் அங்கேதான் ஊறும். எனவே அந்தச் செலவு உரிமையாளருடையது. பொது மோட்டார் எரிந்துபோனாலும், குழாய் துருப்பிடித்து மாற்ற வேண்டியிருந்தாலும் அப்படியே. மோட்டார் ஓடும் மின்சாரத்தின் பங்கு உங்களுடையது.

நகராட்சிக் குடிநீர் இணைப்பு வாங்க அவர் முன்வந்தால், அதற்கான வைப்பும் இணைப்புக் கட்டணமும் வீட்டின் சொத்துவரி எண்ணோடு சேர்ந்து நிற்பவை என்பதால் அவரே கட்ட வேண்டும். பாதாளச் சாக்கடை இணைப்புக்கும் இதே விடைதான்.

லாரித் தண்ணீரைப் பற்றி உங்கள் ஒப்பந்தம் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ‘தண்ணீர் வசதியுடன்’ என்று சொல்லி வாடகை பேசியிருந்தால், வசதி நின்றுபோன நாட்களுக்கான மாற்று ஏற்பாடு அவர் பொறுப்பு என்பதே என் நிலை. இருந்தாலும் அவர் மறுக்கிறார் என்பதற்காகத் தண்ணீர் இல்லாமல் இருக்க முடியாது. எனவே இப்படிச் செய்யுங்கள். போர் வற்றியது, எந்த நாளில் தெரிவித்தீர்கள், சரிசெய்ய எத்தனை நாள் அவகாசம் தருகிறீர்கள் என்பதை நான்கு குடும்பமும் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு கடிதமாகக் கொடுத்து, நகலில் அவரிடம் கையொப்பம் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒவ்வொரு லாரிக்கும் டிரைவரிடம் தேதியும் தொகையும் எழுதிய சீட்டு வாங்கி ஓர் உறையில் போட்டு வையுங்கள். தண்ணீர் இன்றியமையாத சேவை என்பதால், அவகாசம் முடிந்தும் அவர் அசையவில்லை என்றால், அந்தக் கடிதத்தின் நகலோடும் சீட்டுகளோடும் வாடகை அதிகாரியிடம் நால்வரும் சேர்ந்தே விண்ணப்பியுங்கள். மாத வாடகையை மட்டும் அதற்காக நிறுத்திவிடாதீர்கள். அதைக் கெடு நாளில் வங்கி வழியாகவே அனுப்பிக்கொண்டிருங்கள்.